உப்புத் தீவின் மூணாம் பாகம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்கண்ணே, எனக்கு இந்த ஓரம் போதும். நடுவுல நான் காலை டப்புனு அமுக்கினா தப்பா நினைக்காதீங்க. தேனியில டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன். நாள் பூரா பக்கத்து சீட்ல உக்காந்து, அவங்க அமுக்காத பிரேக்கை நான் அமுக்கி அமுக்கிப் பழகிருச்சு. பஸ்ல ஏறினாலும் கால் நிக்க மாட்டேங்குது. தவமணின்னு கேட்டா பழனிசெட்டிபட்டி வரைக்கும் தெரியும்.

மதுரைக்குத்தானே? நானும் மதுரைதான். கல்யாணம் கருமாதி எதுவும் இல்ல. புத்தகம் வாங்கப் போறேன். பாடப் புத்தகம் இல்லண்ணே, காமிக்ஸு. படக்கதை.

சிரிச்சிட்டீங்க பாத்தீங்களா. பரவால்ல, எல்லாரும் சிரிக்கிறதுதான். நாப்பத்தஞ்சு தாண்டின ஆளு, ஹாஸ்டல்ல தங்கி காலேஜ் படிக்கிற பொண்ணு இருக்கு, இவன் போயி பொம்மைப் புத்தகம் வாங்குறானேன்னு. டவுன்ஹால் ரோடு பக்கம் சந்துக்குள்ள இப்ராகிம் பாய் கடை. சனிக்கிழமை சனிக்கிழமை புதுக் கட்டு பிரிப்பாரு. கூரியர்ல வரவழைக்கலாம்தான். ஆனா கூரியர்ல வந்தா மூலை மடங்கிரும். மூலை மடங்கின காமிக்ஸு, ஒடுக்கு விழுந்த புதுக் கார் மாதிரி. ஓட்டலாம், சந்தோஷம் இருக்காது. பாய் யாருக்கும் எடுத்து வைக்கவும் மாட்டாரு. முதல்ல வர்றவனுக்கு முதல்ல. அது அவரு கொள்கை. அதான் காலையில இருந்த கிளாஸைக்கூட தம்பிகிட்ட விட்டுட்டு ஏறிட்டேன்.

இந்த வாரம் என்னென்ன வருதுன்னு சொல்றேன் கேளுங்க. உங்களுக்கும் பொழுது போகும்.

முதல் புத்தகம், முக்கியமான புத்தகம், 'உப்புத் தீவின் ஆறாவது பிணம்', மூணாம் பாகம். கடைசிப் பாகம். இத்தாலிக்காரக் கதைண்ணே, தமிழ்ல போடுறாங்க. இன்ஸ்பெக்டர் ஒர்சினின்னு ஒருத்தரு, மீசை கிடையாது, சிரிக்கவே மாட்டாரு. கடலுக்கு நடுவுல ஒரு தீவு, அதுல ஒரு கலங்கரை விளக்கம், வரிசையா கொலை. ரெண்டாம் பாகத்தை எங்க நிறுத்தியிருக்காங்க தெரியுமா? ஒர்சினி ஒரு கதவைத் திறக்கிறாரு. திறந்து, 'நீயா?'ங்கறாரு. அவ்வளவுதான். தொடரும். மனுசன் சாப்பிட முடியுமா, தூங்க முடியுமா? அது ரெண்டு காப்பி எடுக்கப் போறேன். இதுவரைக்கும் எந்தப் புத்தகமும் ரெண்டு வாங்கினதில்ல. இந்த வாரம் என்னமோ தோணுச்சு. ஒண்ணு படிக்க, ஒண்ணு பத்திரமா வைக்க. பெரிய பெரிய சேகரிப்பாளருங்க எல்லாம் அப்படித்தான் செய்வாங்க.

ரெண்டாவது, 'புழுதியில் ஒரு தூக்குமேடை'. கௌபாய் கதை. ஒத்தைக்காது ஜெஸ்ஸப். அது எனக்கே எனக்கு.

மூணாவது ஒரு பேய்க்கதைத் தொகுப்பு. கெட்டி அட்டை, தலகாணி மொத்தம். எனக்குப் பேய்க்கதை ஆகாதுண்ணே, படிச்சா ராத்திரி லைட்டை அணைக்க மாட்டேன். ஆனா இதுல எழுத்தெல்லாம் பெருசு பெருசா போட்டிருக்காங்களாம். கண்ணாடி இல்லாமலே படிக்கலாமாம். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும், வயசாகப் போகுதுல்ல? முன்கூட்டியே வாங்கி வச்சுக்க வேண்டியதுதான்.

நாலாவது, 'புடலங்காய்ப் பட்டாளம்'. சிரிப்புக் கதை. அது வேணாம்னு விட்டுட்டேன். போலீஸ்காரங்களை எல்லாம் தொப்பையும் தூக்கமுமா வரைஞ்சிருப்பாங்க. எங்க மாமாவுக்கு அது பாத்தாலே ஆகாது.

மாமான்னா மாமனாரு. சௌந்தரபாண்டியன்னு பேரு. எஸ்.ஐ.யா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவருக்கு ஆகாட்டி எனக்கென்னன்னு கேப்பீங்க. நியாயம்தான். அவரு இப்ப எங்க வீட்லயே இல்ல. போன வாரத்துக்கு முந்தின வாரம் கிளம்பிப் போயிட்டாரு. இனிமே நான் என் இஷ்டத்துக்கு வாங்கலாம், என் இஷ்டத்துக்கு முதல்ல படிக்கலாம், கேக்க ஆள் இல்ல. நிம்மதிண்ணே. வீடே நிசப்தமா இருக்கு. சாப்பிடும்போதுகூட ஒரு சத்தம் கிடையாது. அவ்வளவு நிம்மதி.

அந்த மனுசன் மூணு மாசமா எனக்குக் குடுத்த தொந்தரவு இருக்கே!

முதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குப் போயிருக்கோம். என் வீட்டம்மா கோமதி என் பெட்டியைத் திறந்து துணி எடுத்து வைக்கிறா. வேட்டிக்கு அடியில நாலு காமிக்ஸு. அந்த நேரம் பாத்து மாமா உள்ள வர்றாரு. காக்கி பேன்ட்டு, மேல பனியனு, அப்பத்தான் டூட்டி முடிஞ்சு வந்திருக்காரு. ஒரு புத்தகத்தை ரெண்டு விரலால மூலையைப் பிடிச்சுத் தூக்கினாரு. கொலை நடந்த இடத்துல கத்தியைத் தூக்குவாங்கள்ல, அப்படி.

"மாப்ள, இது யாரோடது?"

"என்னோடதுதான் மாமா."

"ஓ."

அவ்வளவுதான். அந்த ஒரு 'ஓ' இருபது வருஷம் ஓடுச்சுண்ணே. அதுக்கப்புறம் எங்களுக்குள்ள பேச்சுன்னா, 'வாங்க மாப்ள', 'சாப்பிட்டீங்களா மாமா', 'அப்ப கிளம்புறேன் மாமா'. தீவாளிக்கும் அதே மூணு, பொங்கலுக்கும் அதே மூணு. சண்டையெல்லாம் இல்ல. பேச ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான்.

ஐப்பசியில மாமா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. கால் எலும்பு விட்டுப்போச்சு. அத்தை தவறி நாலஞ்சு வருஷம் ஆச்சு, மதுரைக்கு இந்தப் பக்கம் விராட்டிபத்து வீட்ல தனியாத்தான் இருந்தாரு. மச்சான் கோயமுத்தூர்ல மாடி வீட்ல இருக்கான், லிஃப்ட் கிடையாது. அதனால எங்க வீட்டுக்குத்தான் கொண்டாந்தோம். நானே போயி கார்ல, பின் சீட்ல தலகாணி வச்சுப் படுக்க வச்சு, இருபது கிலோமீட்டர் வேகத்துல ஓட்டிட்டு வந்தேன். வழி பூரா அவரு பேசின ஒரே வார்த்தை, 'இண்டிகேட்டர்'.

அந்த மாசம் பூரா மழை. ஒரு நாள் இடி விழுந்து கேபிள் போச்சு. டி.வி. இல்ல. கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல நீட்டிக்கிட்டு, பகல் முழுக்க எதிர்ச் சுவத்தைப் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. எதிர்ச் சுவத்துலதான் என் அலமாரி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் கவர் போட்டு, நம்பர் வாரியா அடுக்கி வச்சிருப்பேன். எவ்வளவு நேரம்தான் பாத்துக்கிட்டே இருப்பாரு மனுசன்? வாக்கரைத் தள்ளிக்கிட்டுப் போயி ஒண்ணை உருவிட்டாரு.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. ஒரு நாள் சாயங்காலம் ஒர்சினி முதல் பாகத்தை எடுத்துப் புரட்டுறேன். முப்பதாவது பக்கமோ என்னமோ, அதுல தீவோட ஜீப் டிரைவர் நிக்கிறான். அவன் சட்டைப் பொத்தானுக்கு நேரா பென்சில்ல ஒரு அம்புக்குறி! ஓரத்துல எழுதியிருக்கு: 'இவனை விசாரிக்கவில்லை. ஏன்?'

பென்சிலுண்ணே! என் புத்தகத்துல! மூச்சுக்காத்துகூடப் படாம வச்சிருந்த புத்தகத்துல! அடுத்த பக்கத்துல, 'சம்பவ இடத்தில் மகஜர் எழுதாமல் கத்தியை எடுக்கிறார். தவறு.' அதுக்கடுத்த பக்கம், 'சாட்சி கையெழுத்து எங்கே?' கடைசிப் பக்கம் வரைக்கும் திருத்தியிருக்காரு, பரீட்சைப் பேப்பர் மாதிரி.

நேரா அடுப்படிக்குப் போயி கோமதிகிட்ட காமிச்சேன். "என்ன வேலை பாத்து வச்சிருக்காரு பாரு உங்கப்பா."

அவ வாங்கிப் பாத்தா. கையில மாவு, அதோட பிடிக்கிறா வேற. "அப்பா படிக்கிறாரா?"ன்னு கேட்டா. நான் பென்சிலைச் சொல்றேன், அவ படிக்கிறாரான்னு கேக்குறா.

"நீயே அவருகிட்ட சொல்லு"ன்னேன்.

"உங்க புத்தகம், நீங்களே சொல்லுங்க"ன்னுட்டா.

மாமனாருகிட்ட எப்படிண்ணே சொல்றது? வாயைத் திறந்தா நமக்கு அந்த மூணு வார்த்தைதான் வரும். சரின்னு போயி நின்னேன். தொண்டையைக் கனைச்சேன். அவரு என் கையில இருந்த புத்தகத்தைப் பாத்தாரு. நான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவரே ஆரம்பிச்சாரு.

"மாப்ள, அந்த டிரைவரு பொய் சொல்றான்."

"எந்த டிரைவரு மாமா?"

"ஜீப்பு டிரைவரு. பின் சீட்ல கேப்டன் செத்துக் கிடந்ததைக் கண்ணாடியில பாத்தேங்கறான். படுத்துக் கிடக்கிறவன் மூஞ்சி கண்ணாடியில எப்படித் தெரியும்?"

நான் கார்க்காரன்ல? விட முடியுமா? "கண்ணாடியைக் கீழ பாக்கத் திருப்பியிருந்தா தெரியும் மாமா"ன்னேன்.

"எவன் கீழ பாக்கத் திருப்பி வச்சு ஓட்டுவான்?"

"குட்டையான ஆளா இருந்தா திருப்புவான்."

"அவன் குட்டை இல்லையே. கதவுல தலை இடிக்குது பாருங்க."

பாத்தேன். இடிக்கத்தான் செஞ்சுது. நான் அதைக் கவனிக்கவே இல்லண்ணே, ஏழு தடவை படிச்சிருக்கேன்.

அன்னிக்கு ஆரம்பிச்ச தொந்தரவு. அப்புறம் நான் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது, 'மாப்ள, வாங்க, ஒரு சந்தேகம்'. இட்லியைப் பிட்டு வாயில வைக்க முடியாது, 'அந்த விதவை அழுவுறாளே, கண்ணுல தண்ணி வரைஞ்சிருக்கானா பாருங்க'. நான் படிக்காத புத்தகமா இருந்தா இன்னும் மோசம். சனிக்கிழமை நான் வாங்கிட்டு வந்து, குளிச்சிட்டு வந்து நிம்மதியாப் படிக்கலாம்னு வந்தா, அதுக்குள்ள அவரு முடிச்சிட்டு, 'சமையல்காரன்தான் மாப்ள'ம்பாரு. சுடச்சுட முடிவைச் சொல்லிருவாரு. நான் அதனால என்ன செஞ்சேன் தெரியுமா, குளிக்கிறதையே விட்டுட்டேன். மதுரையில இருந்து வந்ததும் அப்படியே கசகசன்னு அவரு பக்கத்துல உக்காந்து, ரெண்டு பேரும் ஒண்ணாப் படிக்கிறது. அவரு பக்கத்தைத் திருப்ப விடாம நான் பிடிச்சுக்கிறது. வேற வழி?

இன்னொரு கொடுமையைக் கேளுங்க. அந்தக் கண்ணாடி விவகாரத்தை அவரு விடவே இல்ல. "செஞ்சு பாத்துருவோம் மாப்ள"ங்கறாரு. கட்டுப் பிரிச்சு ரெண்டு நாள்தான் ஆகுது. வாக்கரோட மெதுவா நடத்திக் கொண்டு போயி, நம்ம டிரைவிங் ஸ்கூல் கார்ல, டிரைவர் சீட்ல உக்கார வச்சேன். பிணம் யாரு? நான்தான். பின் சீட்ல மல்லாந்து படுத்தேன்.

"வாயைத் திறங்க மாப்ள. கேப்டனுக்கு வாய் திறந்திருக்கு."

திறந்தேன்.

"இன்னும் கொஞ்சம் தலை தொங்கணும்."

தொங்கவிட்டேன். அந்த நேரம் பாத்து ஒரு பேங்க் மேடம், கிளாஸுக்கு வர்றாங்க. கார் பக்கத்துல வந்து எட்டிப் பாக்குறாங்க. பின் சீட்ல மாஸ்டர் வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கிறாரு. முன் சீட்ல போலீஸ் மீசையோட ஒரு பெரியவரு, பேப்பர்ல என்னமோ எழுதிக்கிட்டே, 'பேசாதீங்க, நீங்க செத்துட்டீங்க'ன்னு சொல்லிக்கிட்டிருக்காரு. அந்தம்மா போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. அவங்க இப்ப வேற டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிறாங்க.

மாமா அதையெல்லாம் கண்டுக்கவே இல்ல. "மூஞ்சி தெரியலை மாப்ள! முழங்கால்தான் தெரியுது! நான் சொன்னேன்ல!"ன்னு கையை நீட்டினாரு. இருபது வருஷத்துல மாமா எனக்குக் கை குடுத்தது அதான் முதல் தடவை. கையைப் பிடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்குறாரு, விடவே இல்ல. கோமதி வாசல்ல நின்னு சிரிச்சுச் சிரிச்சு, அப்புறம் முந்தானையில கண்ணைத் தொடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. ஒரு ஃபீஸ் போச்சேன்னு அவளுக்கு வருத்தம்.

இந்தா, ஆண்டிபட்டி கணவாய் வந்திருச்சு. கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சுக்குங்க, இந்த டிரைவரு வளைவுல பிரேக் போட மாட்டேங்கறாரு. நான் இங்க இருந்து எத்தனை தடவைதான் அமுக்குறது.

எங்க விட்டேன்? ஆங், ரெண்டாம் பாகம். கார்த்திகையில வந்துச்சு. அதுலதான் அந்தக் கதவு, அந்த 'நீயா?'. கதவுக்குப் பின்னாடி யாருங்கறதுல எங்களுக்குள்ள வந்துச்சு தகராறு. மாமா சொல்றாரு டாக்டர்னு. நான் சொல்றேன், செத்துப்போன கேப்டன் சாகவே இல்ல, அவன்தான்னு. மூஞ்சி தெரியலைல்ல? அப்ப பிணம் கேப்டன்னு யாரு பாத்தா? நல்லா யோசிச்சுப் பாருங்க, நான் சொல்றதுதான் சரி. மாமா ஒத்துக்க மாட்டேங்கறாரு. காலையில காப்பியில ஆரம்பிச்சா ராத்திரி பால் வரைக்கும் டாக்டரு, கேப்டன், டாக்டரு, கேப்டன். கோமதி அப்பளம் பொரிச்சுக்கிட்டே, 'ரெண்டு பேரும் சேந்துகூட செஞ்சிருக்கலாம்ல'ங்கறா. அவளுக்கென்ன தெரியும்.

அப்படியே போயிட்டிருந்தா இன்னிக்கும் எங்க வீட்லதான் இருந்திருப்பாரு. ஏன் போனாருங்கறதுதான் எனக்கு இன்னும் விளங்கலை.

ஒரு ஞாயித்துக்கிழமை மச்சான் குடும்பத்தோட வந்தான். கோமதியோட சித்தி, சித்தப்பா எல்லாரும் வந்திருந்தாங்க, மாமாவைப் பாக்க. கறிச்சோறு. எல்லாரும் உக்காந்து சாப்பிடுறோம். மாமா குஷியா இருந்தாரு. ஒர்சினி கதையை முதல்ல இருந்து அவங்களுக்குச் சொல்றாரு. தீவு எப்படி இருக்கும், விளக்கு எப்படிச் சுத்தும், டிரைவரை எப்படி மடக்கினோம். எலும்பை வச்சு இலையில தீவே போட்டுட்டாரு. கடைசியில, "டாக்டர்தான். என் சர்வீஸ்ல எத்தனை குற்றவாளி மூஞ்சியைப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"ன்னாரு.

நான் ஒரு ஜோக் அடிச்சேன். நல்ல ஜோக்குண்ணே. "மாமா, உங்க சர்வீஸ் பூராவும் நீங்க பிடிச்சது லைட் இல்லாத சைக்கிளைத்தானே?"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. மச்சானுக்குப் புரையே ஏறிருச்சு. சித்தப்பா இலையை விட்டு எழுந்துட்டாரு, சிரிப்பு தாங்காம. மாமாவும் சிரிச்சாரு, நான் பாத்தேன். சிரிச்சிட்டு, கோமதி மோர் ஊத்த வந்தப்ப வேணாம்னு கையைக் காமிச்சிட்டு, எழுந்து போயி கை கழுவிக்கிட்டாரு.

மறுநாள் காலையில பெட்டியைக் கட்டிட்டாரு. 'கால் தேவலை. வீட்டைப் பூட்டியே போட்டிருக்கக் கூடாது, கரையான் வந்துரும்'னாரு. வாக்கரை விட்டுட்டு ஒரு கம்பு ஊணிக்கிட்டு நிக்கிறாரு. டாக்டரு இன்னும் படி ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு, கேக்கலை. மச்சான் காரிலயே ஏறிட்டாரு. 'அப்ப கிளம்புறேன் மாப்ள'. அவ்வளவுதான்.

அந்தக் கரையானுக்கு அன்னிக்குத்தான் ஞாபகம் வரணுமா, சொல்லுங்க?

இன்னொண்ணு. அவரு போனதுக்கப்புறம் அலமாரியைப் பாக்குறேன், எல்லாப் புத்தகத்துலயும் பென்சில் எழுத்தைக் காணோம். ரப்பர் வச்சு அழிச்சிருக்காரு. ஒவ்வொரு பக்கமா, ஒரு இடம் விடாம. எப்ப செஞ்சாருன்னே தெரியலை. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அழிச்ச இடமெல்லாம் வெளுத்துப்போச்சு! எழுத்து இருந்தாலும் பரவால்ல. அவரு விதவையைப் பத்தி ஒரு இடத்துல முக்கியமா என்னமோ எழுதியிருந்தாரு, இப்ப படிக்க முடியலை. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா பென்சில் பதிஞ்ச பள்ளம் லேசாத் தெரியுது. தினமும் சாயங்காலம் வாசல்ல உக்காந்து சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்குறேன். பாதிதான் படிக்க முடியுது.

கோமதியும் ஒரு மாதிரியாத்தான் இருக்கா. கேட்டதுக்கு மட்டும் பதில். தட்டை வைக்கிறா, போயிடுறா. 'என்னடி, என்ன ஆச்சு?'ன்னா 'ஒண்ணுமில்ல'ங்கறா. மிக்சி ரிப்பேரு, அதைப் பாத்துக் குடுக்கணும். அதுக்காகத்தான் இருக்கும்.

இருங்க, உசிலம்பட்டி வந்தாச்சு. பாய் கடை திறந்து இந்நேரம் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டுருவோம்.

ஹலோ, பாய்! தவமணி, தேனி. கட்டு பிரிச்சாச்சா? உப்புத் தீவு வந்திருச்சா? ... என்னது? ... ஏன் பாய், அஞ்சே அஞ்சா? போன தடவை இருபது வந்துச்சே! ... எல்லாம் போச்சா? கடை திறந்து ஒரு மணி நேரம்தானே ஆச்சு! ... யாரு? ... கம்பு ஊணிக்கிட்டா? ... மீசையா? ... எத்தனை? ரெண்டா?

சரி பாய். சரி. வைங்க.

கேட்டீங்களாண்ணே அநியாயத்தை? அஞ்சு காப்பிதான் வந்திருக்கு. அதுல முதல் ரெண்டையும் எங்க மாமா வாங்கிட்டுப் போயிட்டாரு! ஷட்டர் திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து படியில நின்னுக்கிட்டிருந்தாராம். 'ஒரு பெரியவரு, உங்களை மாதிரியே பக்கம் பக்கமா மூலையைத் தடவிப் பாத்து வாங்கினாரு'ங்கறாரு பாய். ரெண்டு! ஒரு ஆளுக்கு எதுக்குண்ணே ரெண்டு? எனக்குக் கிடைக்கக் கூடாது, அதானே? போலீஸ் புத்தி எங்க போகும்!

இல்ல, இதை விடக் கூடாது. இப்பவே கேக்குறேன். அவரு போனதுல இருந்து நான் ஒரு போனும் போடலை. அவரும் போடலை. இன்னிக்குப் போடுறேன். நீங்களே கேளுங்க, ஸ்பீக்கர்ல போடுறேன், இந்தச் சத்தத்துல வேற எப்படிக் கேக்கும்.

"ஹலோ, மாமா. நான்தான்."

"தெரியுது மாப்ள. சொல்லுங்க."

"உப்புத் தீவு வாங்கினீங்களா?"

"ஆமா."

"ரெண்டா?"

"ஆமா மாப்ள."

"எதுக்கு மாமா ரெண்டு?"

"ஒண்ணு நான் கிறுக்கறதுக்கு. இன்னொண்ணு உங்களுக்கு. மூலையெல்லாம் நல்லா பாத்துத்தான் வாங்கினேன். கோமதிகிட்ட சொல்லி யாருகிட்டயாவது குடுத்து விடலாம்னு இருந்தேன்."

"... படிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன் மாமா?"

"பஸ்ல வரும்போது ரெண்டு பக்கம் திருப்பினேன். ஒரு இடத்துல, மாப்ள இதைப் பாருங்கன்னு திரும்பிட்டேன். பக்கத்துல யாரோ காலேஜ் புள்ள உக்காந்திருக்கு. மூடி வச்சுட்டேன்."

"எந்த இடம் மாமா?"

"நீங்களே பாத்துக்குங்க மாப்ள."

"சரி மாமா."

"அன்னிக்கு நீங்க சொன்னது நெசம்தான். யோசிச்சுப் பாத்தேன். எனக்குப் பெரிய கேஸுன்னு ஒண்ணும் அமையலை. பந்தோபஸ்து, ரோந்து, சைக்கிளு, திருவிழாவுல தொலைஞ்ச செருப்பு. கொலைன்னு ஒண்ணு வந்துட்டா மேல இருந்து வேற ஆபீசரைப் போட்டுருவாங்க. கயிறு கட்டி கூட்டத்தைத் தள்ளி நிறுத்துறதுதான் நம்ம வேலை. உள்ள என்ன நடக்குதுன்னு எட்டிப் பாக்கக்கூட விட மாட்டாங்க. இந்தப் புத்தகத்துலதான் மாப்ள, ஒரு கேஸை முதல்ல இருந்து கூடவே போயிப் பாத்தேன்."

"மாமா..."

"சிக்னல் விட்டு விட்டு வருது. பஸ்ல இருக்கீங்களா?"

"மாமா, எனக்கும் இப்ப டாக்டர்தான்னு தோணுது. நல்லா யோசிச்சுப் பாத்தேன். டாக்டரேதான்."

"அப்படி மாத்தக் கூடாது மாப்ள. சாட்சி வரட்டும். பாத்துட்டுச் சொல்லுங்க."

வச்சுட்டாரு.

நான் என்ன பொய்யா சொன்னேன்? டாக்டரா இருக்கவும் வாய்ப்பு இருக்குல்ல? அது ஜோக்குதானே? எல்லாரும் சிரிச்சாங்களே. அவரும்தான் சிரிச்சாரு, நான் பாத்தேன். மோர் வேணாம்னாரு... அவருக்கு மோர் இல்லாம சாப்பாடு இறங்காது. ஒரு நாள்கூட வேணாம்னு சொன்னதில்ல.

சே.

நீங்க வெளியில பாத்துக்கிட்டு வாங்க.

அந்தக் காலோட, அண்ணே, அந்தக் காலோட விராட்டிபத்துல இருந்து டவுன் பஸ் ஏறியிருக்காரு. டவுன் பஸ் படி எவ்வளவு உயரம் தெரியுமா? சனிக்கிழமை கூட்டம் வேற. ஏறி, இறங்கி, சந்துக்குள்ள நடந்து, ஷட்டர் திறக்கிற வரைக்கும் அந்தப் படியிலயே நின்னு. பாய் கடைப் படியில உக்காரக்கூட இடம் கிடையாது. திரும்பவும் அதே மாதிரி ஏறி, இறங்கி. விழுந்திருந்தா? யாரு பாக்குறது? சமையலுக்கு ஆள் வருதோ, அவரே உப்புமா கிண்டிக்கிறாரோ, அதுவும் தெரியாது. கோமதிகிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பா. நான் கேக்கலை.

நேர்ல போயி நாலு வார்த்தை நல்லா கேக்கணும் அவரை. டாக்டரு என்ன சொன்னாரு, நீங்க என்ன செய்றீங்கன்னு. கேட்டுட்டு, சாயங்காலமே தேனிக்குக் கூட்டிட்டு வந்துரணும். கண் பார்வையில வச்சிருந்தாத்தான் இவரு சரிப்படுவாரு.

கடையா? ஜெஸ்ஸப்பு எங்கயும் போயிர மாட்டான்ணே, கிடைச்சா அடுத்த வாரம் பாத்துக்கலாம். இல்லாட்டியும் குத்தமில்ல.

இது செக்கானூரணி தாண்டிருச்சுல்ல? அப்ப பக்கம் வந்தாச்சு. வர்றேண்ணே, நான் முன்னாடியே இறங்கிக்கிறேன். அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. கண்டக்டரே! டிக்கெட்டு ஆரப்பாளையம் வரைக்கும்தான் எடுத்திருக்கேன், பரவால்ல, என்னை விராட்டிபத்துல இறக்கி விட்டுருங்க. ஸ்டாப் இல்லாட்டியும் கொஞ்சம் நிறுத்துங்க. வீட்ல பெரியவரு தனியா இருக்காரு.